கடல் முள்ளெலிகளின் உறவு மரம்: ஓட்டிலிருந்து தொடங்கி வரையும் முறை

கடற்கரையில் ஒதுங்கிய முள்ளெலி ஓடுகளையும் அரியலூர்ப் பாறையிலிருந்து வந்த புதைபடிவங்களையும் ஒரே மேசையில் பரப்பி, எது எதற்கு நெருங்கிய சொந்தம் என்று கண்டுபிடிக்கும் வேலை இது. டெல்டா மாவட்டக் கல்லூரி மாணவர்களோடு இதைப் பல முறை செய்திருக்கிறேன். தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். முதல் மணி நேரத்திலேயே உருவத்தை வைத்து மரத்தை வரைந்துவிடுகிறார்கள். அப்புறம் புதைபடிவத்தை அதில் ஏதோ ஒரு கிளையில் தொங்கவிடுகிறார்கள்.

புதைபடிவம் முதலிலிருந்தே, பண்புகளைக் குறிக்கும் அட்டவணையில் ஒரு வரிசையாக உட்கார வேண்டும். ஏன் என்பது 8ஆம் படியில் கணக்கோடு தெரியும். அதுவரை படிகளை மாற்றாமல் வாருங்கள்.

1. 'நெருங்கிய சொந்தம்' என்றால் என்ன என்று முடிவு செய்யுங்கள்

கல்லணையில் காவிரியும் வெண்ணாறும் பிரிகின்றன. காவிரியிலிருந்து பிற்பாடு குடமுருட்டி பிரிகிறது. வெண்ணாறு நீடாமங்கலம் வந்து, மூணாறு தலைப்பில் கோரையாறு, பாமணியாறு, வெண்ணாறு என்று மூன்றாகிறது. கோரையாற்றுக்கும் பாமணியாற்றுக்கும் பொதுத் தலைப்பு நீடாமங்கலம். பாமணியாற்றுக்கும் குடமுருட்டிக்கும் பொதுத் தலைப்பு கல்லணை. அதனால் பாமணியாறு கோரையாற்றுக்குத்தான் நெருங்கிய உறவு.

ஆற்றின் அகலமோ தண்ணீரின் நிறமோ இந்தக் கணக்கில் வராது. எந்தத் தலைப்பில் பிரிந்தது என்பது மட்டும்தான் கேள்வி. முள்ளெலிகளிலும் அதே கேள்விதான். கிளை பிரியும் புள்ளியை இங்கே 'தலைப்பு' என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

2. முன்கூட்டியே சேர்க்க வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், பழைய பல் துலக்கும் பிரஷ், தையல் ஊசி, பென்சில், கட்டம் போட்ட தாள், நல்ல வெளிச்சம். கணினி கடைசியில்தான் வேண்டும்.

ஓடுகளுக்குப் பூம்புகார், தரங்கம்பாடி, நாகப்பட்டினம் கரைகளில் நடந்தாலே போதும். வடகிழக்குப் பருவ அலைகள் அடங்கிய பிறகு நிறைய ஒதுங்கும். விசைப்படகு வலையில் வந்து கழித்துப் போடும் குவியலில் உடையாத ஓடுகள் இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அந்த வழி அடைபட்டுவிடும் என்பதால் அதற்கு முன்பே சேர்த்துவிடுங்கள். கோடியக்கரை சரணாலயப் பகுதியில் எதையும் பொறுக்காதீர்கள்.

நம் கரை மணலும் சேறும் கலந்தது. இங்கே கிடைப்பவை பெரும்பாலும் மணலில் வாழும் மணல் டாலர், இதய முள்ளெலி, சால்மாசிஸ் போன்றவை. பாறையிலும் பவளத் திட்டிலும் வாழும் டயடீமாவும் பிரியோனோசிடாரிசும் இங்கே கைக்கு வராது. கிடைத்ததை மட்டும் வைத்து மரம் வரைந்தால் பாதிக் குடும்பத்தை விட்டுவிட்டு வரைந்த மரமாகிவிடும். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. அங்கே அனுமதி கேட்டு மாதிரிகளைப் பாருங்கள். முடியாவிட்டால், தட்டுகள் தெளிவாகத் தெரியும் படங்களை வைத்துக்கொள்ளுங்கள்.

புதைபடிவத்துக்கு டெல்டா வயலைத் தோண்டிப் பயனில்லை. தஞ்சாவூர், திருவாரூர் மண் ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல். பழைய கடற்படிவுகள் அதற்கு அடியில் வெகு ஆழத்தில் கிடக்கின்றன. கும்பகோணத்திலிருந்து அணைக்கரை வழியாகக் கொள்ளிடத்தைத் தாண்டி, ஜெயங்கொண்டம் கடந்து அரியலூர்ப் பக்கம் போனால் அதே காவிரிப் படுகையின், டைனோசர்களின் கடைசிக் காலமான கிரெட்டேசியஸ் காலத்துப் பாறைகள் தரைக்கு மேலேயே இருக்கின்றன. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புப் பாறை 7 கோடி ஆண்டு வயதை ஒட்டியது. சுரங்கங்களில் அனுமதி இல்லாமல் இறங்க வேண்டாம். எடுத்துவர முடியாததை அளவுகோல் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தால் போதும்.

இன்னொன்று. கடல் அட்டைதான் முள்ளெலிகளுக்கு இன்று உயிரோடிருக்கும் மிக நெருங்கிய உறவு. அதனால் ஒப்பிட ஒன்று வேண்டும் என்று சில மாணவர்கள் அதை எடுத்து வரக் கிளம்பினார்கள். கடல் அட்டைகள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. தொடாதீர்கள்.

3. சுத்தம் செய்யுங்கள், ஆனால் புளிப்பு எதுவும் வேண்டாம்

வினிகர், எலுமிச்சை, கழிப்பறை அமிலம் மூன்றையும் புதியவர்கள் முயன்று பார்த்துவிடுகிறார்கள். முள்ளெலி ஓடு கால்சைட். அமிலம் பட்டால் நுரைத்துக் கரையும். முதலில் போவது, முட்கள் பொருந்தி நிற்கும் குமிழ்களின் உச்சியில் உள்ள நுண்ணிய துளைகள், பிறகு தேவைப்படுவதும் அவைதான்.

கரையில் கிடைத்த ஓட்டை நல்ல தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து மெதுவாகத் துலக்குங்கள். தோல் ஒட்டியிருந்தால் வீட்டு ப்ளீச்சை நிறைய தண்ணீரில் கலந்து சில நிமிடங்கள் மட்டும் வையுங்கள். அதிக நேரம் விட்டால் தட்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று கழன்றுவிடும். உதிரும் முட்களைத் தனித்தாளில் ஓட்டின் எண்ணோடு மடித்து வையுங்கள்.

புதைபடிவத்துக்கு ஊசியும் தண்ணீரும்தான். தட்டுகளின் இணைப்புக்கோடு தெரியவில்லை என்றால் ஓட்டை நனையுங்கள். ஈரம் காயும்போது கோடுகள் எழுந்து வரும். கையில் இருப்பது முள்ளெலித் துண்டுதானா என்ற சந்தேகம் வந்தால் உடைந்த முகத்தை வெயிலில் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு தட்டும் ஒரே படிகமாக வளர்வதால் உடைந்த இடம் கண்ணாடிபோல் சமதளமாக மின்னும். சிப்பித் துண்டு அப்படி மின்னாது.

4. ஓட்டைத் திசைப்படுத்தி எண்ணுங்கள்

காய்ந்த ஓட்டில் இரண்டு பெரிய ஓட்டைகள் இருக்கும். மேலே இருந்த உச்சித் தட்டு உதிர்ந்துபோய் அங்கேயும் ஓர் ஓட்டை விழுந்திருக்கும். அதை வாய் என்று எடுத்துக்கொண்டால் எல்லாமே தலைகீழாகும். வாய்ப்பக்க ஓட்டையின் உள் விளிம்பில் காதுபோல் எழுந்த ஓட்டு வளைவுகள் இருக்கும். விரலை விட்டாலே தட்டுப்படும்.

உச்சித் தட்டு மிஞ்சியிருந்தால் அதில் சல்லடைபோல் நுண்துளைகள் நிறைந்த தட்டைத் தேடுங்கள். உருண்டை ஓட்டுக்கு முன்பக்கம் பின்பக்கம் தெரியாது. சல்லடைத் தட்டு ஒன்றுதான் அடையாளம். மேலிருந்து பார்க்கும்போது அது வலது முன்புறம் வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். சுவீடனின் ஸ்வென் லோவேன் 19ஆம் நூற்றாண்டில் வகுத்த இந்த முறையால்தான் உருண்டை ஓடுகளையும் இதய வடிவ ஓடுகளையும் தட்டுக்குத் தட்டு ஒப்பிட முடிகிறது.

இப்போது எண்ணுங்கள். குழாய்க்கால் வெளிவரும் துளைகள் உள்ளது கால்பட்டை, துளையில்லாதது இடைப்பட்டை. ஐந்தும் ஐந்தும் பத்து என்று நிறுத்திவிடுகிறார்கள். ஒவ்வொரு பட்டையின் நடுவிலும் வளைந்து வளைந்து ஒரு கோடு ஓடும். அது இரண்டு தட்டு வரிசைகள் சேரும் இடம். ஆக மொத்தம் 20 வரிசை. இன்று வாழும் எல்லா முள்ளெலிகளிலும் இதுதான் கணக்கு.

5. வரிசையில் யார் யார்

எட்டு ஒன்பது பெயர் போதும். நான் கொடுக்கும் பட்டியல்:

பிரியோனோசிடாரிஸ், டயடீமா, ஸ்டோமோப்னியூஸ்டஸ், சால்மாசிஸ், மணல் டாலரான எக்கினோடிஸ்கஸ், இதய முள்ளெலியான லவீனியா. இவை ஆறும் இன்றும் வாழ்பவை. புதைபடிவங்களில், அரியலூர்ப் பாறைகளில் கிடைக்கும் ஸ்டிக்மாடோபைகஸ், கிரெட்டேசியஸ் கால இதய முள்ளெலியான ஹெமியாஸ்டர். நம் பக்கத்துப் புதைபடிவ முட்தோலிகளை (முள்ளெலி, நட்சத்திர மீன், கடல் அட்டை எல்லாம் சேர்ந்த பெருங்கூட்டம்) பற்றிப் புதைபடிவ ஆய்வாளர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா 1873இல் எழுதிய விளக்கங்களை இன்றும் பார்த்துக்கொள்ளலாம். இவற்றோடு ஜுராசிக் காலத்து ஹோலெக்டிபஸ் ஒன்றையும் படத்திலிருந்தாவது சேருங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

6. வேரை முதலில் நடுங்கள்

எது பழைய பண்பு, எது புதிதாக வந்தது என்று தெரியாமல் ஒற்றுமைகளை எண்ணுவது வீண். இரண்டு உயிர்கள் பழைய பண்பு ஒன்றைப் பகிர்ந்தால் அது உறவுக்குச் சாட்சியாகாது. கோரையாற்றிலும் குடமுருட்டியிலும் காவிரித் தண்ணீர்தான் ஓடுகிறது என்பதால் அவை ஒரே தலைப்பில் பிரிந்தவை ஆகிவிடாது அல்லவா, அதுபோல. புதுப்பண்பைப் பகிர்ந்தால்தான் ஒரே கிளை.

பழையது எது என்று சொல்ல, கூட்டத்துக்கு வெளியே இருக்கும் ஒன்று வேண்டும். நட்சத்திர மீனை வைத்தால் என்ன என்று கேட்பார்கள். அதற்கு ஒப்பிடக்கூடிய தட்டு வரிசையே கிடையாது, முக்கால்வாசிக் கட்டம் வெறுமையாகப் போகும். ஜுராசிக்கைவிட வெகு பழைய கார்பனிஃபெரஸ், பெர்மியன் காலப் பாறைகளில் கிடைக்கும் ஆர்க்கியோசிடாரிஸ் பொருத்தமானது. அதுவும் முள்ளெலிதான், ஆனால் ஒவ்வொரு இடைப்பட்டையிலும் நான்கு வரிசைத் தட்டு. தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, ஓடு வளைந்துகொடுக்கும். இன்றைய எல்லா முள்ளெலிகளும் பிரிவதற்கு முன்பே தனியே போன கிளை அது. அதை வேராக வையுங்கள்.

7. பண்புகளைத் தேர்ந்து கட்டம் நிரப்புங்கள்

தெளிவாக ஆம், இல்லை என்று சொல்லக்கூடியதை மட்டும் எடுங்கள். 'ஓரளவு தட்டை' என்பது பண்பு ஆகாது. நான் தொடங்குபவை இவை:

அ. இடைப்பட்டையில் தட்டு வரிசை: நான்கு 0, இரண்டு 1.
ஆ. வாய் விளிம்பில் செவுள் வெட்டு (செவுள் வெளிவரும் சிறு பள்ளம்): இல்லை 0, உண்டு 1.
இ. பல்லின் உட்புறம்: பள்ளம் 0, நடுவில் எழுந்த முகடு 1.
ஈ. குமிழின் உச்சியில் துளை: உண்டு 0, இல்லை 1.
உ. ஆசனவாய்: உச்சித் தட்டுக்குள் 0, வெளியே நகர்ந்தது 1.
ஊ. முதுகில் இதழ்போன்ற கால்பட்டை: இல்லை 0, உண்டு 1.
எ. வளர்ந்த உயிரில் அரிஸ்டாட்டில் விளக்கு எனும் தாடை: உண்டு 0, இல்லை 1.

எக்கினோடிஸ்கஸின் ஓட்டில் உள்ள நீண்ட துவாரங்களைச் சேர்க்க எல்லோருக்கும் ஆசை. நம் பட்டியலில் அது ஒன்றுக்கு மட்டும்தான் அந்தத் துவாரம். ஒருவரிடம் மட்டும் உள்ள பண்பு யாரையும் யாரோடும் சேர்க்காது. விட்டுவிடுங்கள்.

உருவத்தைப் பண்பாக வைப்பதன் ஆபத்துக்கு ஓர் உதாரணம். ஆழ்கடலில் வாழும் தோல் முள்ளெலிகளின் ஓடும் வளைந்துகொடுக்கும். அதைப் பார்த்து ஆர்க்கியோசிடாரிஸ் பக்கத்தில் வைத்த குழுக்கள் உண்டு. அவற்றின் தட்டு வரிசைகளை எண்ணினால் 20. வளையும் தன்மை அவற்றில் பிற்காலத்தில் வந்தது.

கட்டம் நிரப்பும்போது மூன்று வகை 'இல்லை' உண்டு. பெரும்பாலானோர் சறுக்கும் இடம் இதுதான்.

பார்த்தேன், இல்லை என்றால் 0 அல்லது 1. பார்க்க முடியவில்லை என்றால் கேள்விக்குறி. பொருந்தவே பொருந்தாது என்றால் சிறுகோடு. அரியலூரில் கிடைப்பவற்றில் பல, ஓடு கரைந்துபோய் உள்ளே இறுகிய மண் மட்டும் மிஞ்சிய உள்வார்ப்புகள். அதில் குமிழ் தெரியவில்லை என்று எழுதினால் நீங்கள் உயிரைப் பற்றிச் சொல்லவில்லை, கல்லைப் பற்றிச் சொல்கிறீர்கள். கேள்விக்குறி போடுங்கள். இதய முள்ளெலிக்கு விளக்கே கிடையாது, அதனால் பல்லின் முகட்டைப் பற்றிய கேள்வி அதற்குப் பொருந்தாது. சிறுகோடு. அங்கே 0 போட்டால் பழைய பல் இருந்ததாகப் பொய் சாட்சி சொன்னதாகும்.

கேள்விக்குறி அதிகம் என்பதற்காகப் புதைபடிவ வரிசையை அழிக்காதீர்கள்.

8. மரத்தை எண்ணித் தேர்ந்தெடுங்கள்

ஒவ்வொரு மரத்திலும், அட்டவணையில் உள்ளதை விளக்க எத்தனை மாற்றங்கள் தேவை என்று எண்ண வேண்டும். குறைந்த மாற்றம் கேட்கும் மரமே முதல் தேர்வு. நான்கு பெயருக்கு வேருள்ள மரங்கள் 15தான், கையால் எல்லாவற்றையும் வரையலாம். எட்டுக்கு 1,35,135. ஹோலெக்டிபஸைச் சேர்த்து ஒன்பதாக்கினால் 20,27,025. இதற்கு, குறைந்த மாற்றம் கேட்கும் மரத்தைத் தேடித் தரும் டிஎன்டி (TNT) என்ற இலவச மென்பொருள் வேண்டும். ஆனாலும் முதலில் ஒரு சிறு கேள்வியைக் கையால் எண்ணிப் பாருங்கள். அப்போதுதான் கணினி என்ன செய்கிறது என்று புரியும்.

கேள்வி இது: ஆசனவாய் நகர்ந்த கூட்டம், அதாவது மணல் டாலர், இதய முள்ளெலி வகையறா, யாருக்குப் பக்கத்தில்? முதல் மரத்தில் அவை சால்மாசிஸ், ஸ்டோமோப்னியூஸ்டஸ் ஜோடியோடு சேர்கின்றன, டயடீமா வெளியே. இரண்டாவது மரத்தில் டயடீமாவும் அந்த ஜோடியும் ஒன்று, ஆசனவாய் நகர்ந்தவை வெளியே. உருண்டை எல்லாம் ஒருபக்கம் சேரும் இரண்டாவது மரத்தைத்தான் பார்த்தவுடன் எல்லோரும் கைகாட்டுவார்கள்.

செவுள் வெட்டு டயடீமாவிலும் அந்த ஜோடியிலும் உண்டு. எக்கினோடிஸ்கஸிலும் இதய முள்ளெலியிலும் இல்லை. முகடுள்ள பல் அந்த ஜோடியிலும் எக்கினோடிஸ்கஸிலும் உண்டு, டயடீமாவின் பல்லில் பள்ளம்தான். முதல் மரத்தில் முகடு ஒருமுறை வந்தால் போதும், செவுள் வெட்டு வந்து ஒரு கிளையில் மறைய வேண்டும்: மொத்தம் 3. இரண்டாவதில் செவுள் வெட்டு ஒருமுறை, முகடு இருமுறை: அதுவும் 3. சமம்!

இப்போது ஹோலெக்டிபஸ் வரிசையைச் சேருங்கள். அதன் ஆசனவாய் வெளியே நகர்ந்தது, ஆனால் வாயில் செவுள் வெட்டு இன்னும் இருக்கிறது, விளக்கும் இருக்கிறது. முதல் மரத்தின் கணக்கு மாறவில்லை, 3. இரண்டாவது மரத்தில் செவுள் வெட்டு இரண்டு முறை வர வேண்டும், அல்லது வந்து மறைய வேண்டும். கணக்கு 4 ஆகிறது. முதல் மரம் ஜெயித்தது.

உருண்டை சால்மாசிஸ், உருண்டை டயடீமாவைவிடத் தட்டையான மணல் டாலருக்கு நெருங்கிய சொந்தம். ஆண்ட்ரியாஸ் க்ரோவும் ஆண்ட்ரூ ஸ்மித்தும் 2010இல் 169 வகைகளையும் 306 பண்புகளையும் வைத்துச் செய்த பெரிய ஆய்விலும் அப்படித்தான் வந்தது. மரபணு ஆய்வுகளும் அதையே சொல்கின்றன. நம் சிறு அட்டவணையில் அந்த முடிவைத் தீர்மானித்தது உயிருள்ள எதுவும் அல்ல, ஜுராசிக் கல் ஒன்று. மரத்தை வரைந்த பிறகு அதைத் தொங்கவிட்டிருந்தால் இரண்டாவது மரத்திலும் ஏதோ ஒரு கிளையில் அழகாகத் தொங்கியிருக்கும்.

சமமான மரங்கள் மிஞ்சினால் பிடித்ததைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மூணாறு தலைப்புபோல் ஒரே புள்ளியில் மூன்று கிளையாக வரைந்து விடுங்கள். தெரிந்தது அவ்வளவுதான் என்று அந்தப் படம் நேர்மையாகச் சொல்லும்.

9. காலத்தை எழுதுங்கள்

மரம் முடிந்த பிறகுதான் வயது. புதைபடிவம் தருவது குறைந்தபட்ச வயது மட்டும். அரியலூர் ஹெமியாஸ்டருக்கு 7 கோடி என்றால் இதய முள்ளெலிகள் 7 கோடி ஆண்டுக்கு முன் தோன்றின என்று எழுதுகிறார்கள். அதற்கு முன்பே தோன்றியிருந்தன என்பதே சரி. அவற்றின் புதைபடிவங்கள் கிரெட்டேசியஸின் முற்பகுதியிலேயே உள்ளன.

தலைப்புகளில் எழுத நம்பகமான எண்கள் சில: முள்ளெலிகள் ஆர்டோவிசியன் பாறைகளில், 45 கோடி ஆண்டு வாக்கிலேயே இருக்கின்றன. டெக்சாஸில் கிடைத்த இயோடியாரிஸ், பிரியோனோசிடாரிஸ் பக்கத்துக் கிளையைச் சேர்ந்தது, வயது சுமார் 26.8 கோடி. எனவே அந்தக் கிளையும் மற்ற எல்லாமும் பிரிந்த தலைப்பு அதற்கும் முந்தியது. 25.2 கோடி ஆண்டுக்கு முன் பெர்மியன் முடிவில் நடந்த பேரழிவைத் தாண்டிய வம்சங்கள் மிகச் சிலவே. ஆசனவாய் நகர்ந்தவை முற்கால ஜுராசிக்கில் தொடங்குகின்றன.

10. மரபணுவோடு ஒப்பிடுங்கள், ஒத்துவராத இடத்தை மறைக்காதீர்கள்

உங்கள் மரத்தில் ஒரு கிளை கட்டாயம் இடிக்கும். விளக்கு இல்லாத ஸ்டிக்மாடோபைகஸும் இதய முள்ளெலிகளும் ஒன்று சேர, விளக்கு உள்ள எக்கினோடிஸ்கஸ் வெளியே நிற்கும். ஏனென்றால் விளக்கு ஒரே ஒருமுறை மறைந்தால் போதும். இதற்கு மாறாக, எக்கினோடிஸ்கஸ் வகை மணல் டாலர்களுக்கு எக்கினோலாம்பஸ் வகையறாதான் நெருங்கிய சொந்தம் என்று 2018 முதல் வந்த மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. எக்கினோலாம்பஸ் இன்றும் வாழ்கிறது. ஸ்டிக்மாடோபைகஸ்போல வளர்ந்த பிறகு விளக்கு இல்லாதது. சாயல்தான், அவை இரண்டும் சொந்தம் என்று இதனால் ஆகிவிடாது. மணல் டாலர் என்று நாம் ஒரே பெயரில் அழைக்கும் எக்கினோடிஸ்கஸும் கிளைப்பேஸ்டரும் அந்த ஆய்வுகளில் பக்கத்துப் பக்கத்தில் இல்லை.

இங்கே சிலர் மரபணுதான் சரி என்று தங்கள் அட்டவணையையே திருத்திவிடுகிறார்கள். கட்டத்தில் பார்த்ததை மாற்றக் கூடாது. எக்கினோலாம்பஸுக்கு ஒரு வரிசை சேருங்கள். இரண்டு மரத்தையும் வரைந்து, விளக்கு எத்தனை முறை மாறுகிறது என்று பக்கத்தில் எழுதுங்கள்: ஒன்றில் 1, இன்னொன்றில் 2. வித்தியாசம் ஒரே ஒரு மாற்றம்தான், ஒரே ஒரு பண்பை நம்பி நிற்கிறது.

அப்புறம் அந்தப் பண்பையே மறுபடி கேள்வி கேளுங்கள். எக்கினோலாம்பஸ் வகையறாவின் குஞ்சுகளுக்கு விளக்கு உண்டு, வளர்ந்த பிறகுதான் மறைகிறது. அப்படியானால் மணல் டாலர் புதிதாக எதையும் உருவாக்கத் தேவையில்லை, குஞ்சுப் பருவத்தில் இருந்ததை விடாமல் வைத்துக்கொண்டாலே போதும். 'வளர்ந்த உயிரில்' என்று நாம் எழுதிய கட்டத்தை 'குஞ்சில்', 'வளர்ந்ததில்' என்று இரண்டாகப் பிரித்து, குஞ்சு தெரியாத புதைபடிவங்களுக்கெல்லாம் கேள்விக்குறி போட்டு, 8ஆம் படியை மறுபடி ஓட்டுங்கள்.

வயதிலும் இதே இடத்தில் ஓர் இடைவெளி தெரியும். மணல் டாலர்களின் மிகப் பழைய புதைபடிவங்கள் கிரெட்டேசியஸ் முடிந்த பிறகு, பேலியோசீனின் பிற்பகுதியில்தான் வருகின்றன. மரபணுக் கணக்கோ அந்தக் கிளைகள் கிரெட்டேசியஸிலேயே பிரிந்துவிட்டன என்கிறது. அந்த இடைவெளியை மரத்தில் புள்ளிக்கோடாகப் போடுங்கள். கிரெட்டேசியஸ் முடிந்த 6.6 கோடி ஆண்டு என்ற கோட்டைத் தாண்டி, அரியலூர்ப் பாறைகளின் காலத்துக்குள் அந்தப் புள்ளிக்கோடு நுழையும். அடுத்த முறை கல்லங்குறிச்சிப் பக்கம் போகும்போது பெரிய ஓடுகளோடு சேர்த்து, சல்லடையில் தங்கும் சிறு துண்டுகளையும் கைலென்ஸில் பாருங்கள்.